84 பேர் படிக்கும் பள்ளியை மூடினால் ஒரு பள்ளியின் செலவு மிச்சமா?

கேள்வி – பிப்ரவரி 3, காலை 9:40

இரண்டு தொடக்கப் பள்ளிகள், 1 முதல் 5 வரை. இடைவெளி 2.5 கி.மீ. சிறியதில் 84 பேர், பெரியதில் 131 பேர். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு சிறிய பள்ளியில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். சிறியதை மூடி எல்லாரையும் பெரியதற்கு அனுப்பிவிட்டால் சிறிய பள்ளியின் பட்ஜெட் முழுக்க மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில் – பிப்ரவரி 3, காலை 11:15

சிறிய பள்ளி மறையும், 84 பிள்ளைகள் மறைய மாட்டார்கள். அங்கே யோசிக்க இருக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்ற சராசரி ஒரு பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்க உதவும். மூடினால் என்ன மிச்சம் என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. மூடிய மறுநாள் எந்தச் செலவு நின்றுபோகிறது, எது இடம் மட்டும் மாறுகிறது, எது புதிதாக முளைக்கிறது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். முதல் பத்தி நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

வகுப்புவாரி எண்ணிக்கை இல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது. மொத்தத்தை வைத்துப் பள்ளிக் கணக்குப் போடக் கூடாது.

கேட்டவர் – பிப்ரவரி 3, மதியம் 2:05

சிறியது: 12, 15, 19, 18, 20. பெரியது: 21, 24, 26, 29, 31. ஒரு பிரிவில் 35 பேர் வரை. சிறியதில் தலைமையாசிரியரும் பாடம் எடுக்கிறார், அவரையும் சேர்த்து 5 பேர். பெரியதில் வகுப்புக்கு ஒருவர் வீதம் 5, தனியாகத் தலைமையாசிரியர், மொத்தம் 6.

பிப்ரவரி 3, இரவு 10:30

பள்ளிச் செலவின் அலகு பிள்ளை அல்ல, பிரிவு. ஒரு பிரிவு என்றால் ஓர் அறை, ஓர் ஆசிரியர். 12 பேர் இருந்தாலும் 35 பேர் இருந்தாலும் அதே சம்பளம்தான்.

இப்போது இரண்டு பள்ளியிலும் ஐந்தைந்து, ஆக 10 பிரிவு. சேர்த்தால் வகுப்புவாரி 33, 39, 45, 47, 51. உச்சவரம்பு 35 என்றால் முதல் வகுப்பு மட்டும் ஒரே பிரிவில் அடங்கும். மற்ற நான்கும் இரண்டிரண்டாகப் பிரியும். மொத்தம் 9.

பத்து ஒன்பதாகிறது. ஒரு பள்ளியையே மூடிவிட்டு மிச்சப்படுத்தியது ஒரே ஒரு பிரிவு. ஆசிரியர்கள் 11 பேர் 10 ஆவார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, காலை 7:50

பணமாக எழுதுகிறேன். ஓர் ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளம், படி, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயோ டாலரோ, விகிதம்தான் முக்கியம். சம்பளம் தவிர மற்றவை என் உத்தேசம். உங்கள் உண்மைக் கணக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிறிய பள்ளியின் பட்ஜெட்: 5 பேர் சம்பளம் 500, தலைமையாசிரியர் கூடுதல் படி 15, பராமரிப்பு, மின்சாரம், துப்புரவு 30, எழுதுபொருள் வகையறா 15. ஆக 560.

நின்றுபோவது: ஒரு பணியிடம் 100, தலைமையாசிரியர் படி 15, பராமரிப்பு 30. மொத்தம் 145. எழுதுபொருள் 15 பிள்ளைகளோடு போய்விடும்.

முளைப்பது: வண்டி, ஓட்டுநர், உதவியாளர், எரிபொருள் 70. பூட்டிய கட்டடத்துக்குக் காவல், குறைந்தபட்ச மின்கட்டணம், ஒழுகல் அடைப்பு 8. மொத்தம் 78.

ஆண்டுக்கு நிகர மிச்சம் 67. நீங்கள் எதிர்பார்த்தது 560.

ஒருமுறைச் செலவு தனி. பெரிய பள்ளியில் வகுப்பறைக்கு 5 அறைதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். 9 பிரிவுக்கு இன்னும் 4 அறை. ஓர் அறை 120 என்றால் 480, கழிப்பறை 60, மேசை பெஞ்சு, இடமாற்றம் 40. ஆக 580. போட்ட பணம் திரும்பிவர எட்டரை ஆண்டுக்கு மேல்.

பிப்ரவரி 4, காலை 8:10

பள்ளி இணைப்பைப் பேசும் கூட்டங்களில் முதல் ஒரு மணி நேரம் மின்விளக்கையும் காகிதத்தையும் பற்றியே போகும். சம்பளம் முக்கால் பங்குக்கும் மேல் இருக்கும் பட்ஜெட்டில் அது கடுகு. பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தைத் தேடுவார்கள்.

பிப்ரவரி 5, இரவு 9:00

நேற்றைய கணக்கில் பிழை. பராமரிப்பு 30 முழுவதும் நிற்காது. அதில் துப்புரவுப் பணியாளரின் பகுதிநேரக் கூலியும் இருக்கிறது. 84 பேர் கூடுதலாக வந்து சேரும் பள்ளியில் அந்த வேலை குறையப் போவதில்லை, ஆளும் அங்கேதான் வேண்டும். நிற்பது 22 என்று வைத்தால் நிகர மிச்சம் 59. பணம் திரும்ப கிட்டத்தட்ட பத்து ஆண்டு.

அந்த ‘ஒரு பணியிடம்’ மிச்சம் என்பதிலும் ஒரு சூட்சுமம். உபரி ஆசிரியரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். அங்கே உண்மையிலேயே நிரப்ப இருந்த காலியிடம் என்றால் மிச்சம் நிஜம். இல்லையென்றால் 100 என்பது இந்தப் பள்ளியின் ஏட்டிலிருந்து அந்தப் பள்ளியின் ஏட்டுக்குப் போனது, கஜானாவில் ஒன்றும் மாறவில்லை.

கழிப்பறைக்கு 60 எதற்கு என்று கேட்பார்கள். 215 பேரில் பாதி பெண் பிள்ளைகள், சுமார் 108. இடைவேளை 15 நிமிடம், ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். ஒரு கழிப்பறை ஓர் இடைவேளையில் 10 பேரைத் தாங்கும். மூன்று இருந்தால் 30 பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் போக மாட்டார்கள் என்றாலும் பாதிப் பேர் வந்தால் என்ன ஆகும்? தண்ணீரே குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குடிநீர்க் குழாய்க்கும் இதே வகுத்தல் போடுங்கள்.

பிப்ரவரி 6, மாலை 6:20

வண்டிக்கு 70 அதிகம் என்கிறீர்கள். ‘2.5 கி.மீ. தானே, எட்டு நிமிடம்’ என்பது பள்ளி வாசலில் இருந்து பள்ளி வாசலுக்கு. பிள்ளைகள் பள்ளி வாசலில் குடியிருக்கவில்லை.

84 பேரில் புதிய பள்ளிக்கு நடக்க முடியாதவர்கள் 46 என்று வையுங்கள். 40 இருக்கை வண்டி ஒன்று. சுற்றி எடுத்தால் 7 கி.மீ. பாதை, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 21 நிமிடம். 9 நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 2 நிமிடம், அது 18. மொத்தம் 39. ஆனால் 46 பேர் 40 இருக்கையில் அடங்க மாட்டார்கள். இரண்டு நடையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 25 நிமிடம், நடுவில் வெறும் வண்டி திரும்ப 15. முதல் நடையில் வரும் பிள்ளைகள் மற்றவர்களுக்கு 40 நிமிடம் முன்பே பள்ளியில் இருப்பார்கள். அந்த 40 நிமிடம் அவர்களை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஆளின் சம்பளமும் 70-க்குள் வர வேண்டும். மாலையில் இதே கதை தலைகீழாக.

வண்டி பழுதான நாளைக்கு மாற்று வண்டி இருக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அன்று 46 பேருக்கு வருகைப் பதிவேட்டில் விடுப்பு.

சீனாவில் 2001-இலிருந்து கிராமப்புறப் பள்ளிகளை வேகவேகமாக மூடி இணைத்தார்கள். 2012-இல் நடுவண் அரசே கண்மூடித்தனமான இணைப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட வேண்டி வந்தது. அதில் ஒருவழிப் பயணம் பொதுவாக 40 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், 1 முதல் 3 வரை படிப்பவர்கள் விடுதியில் தங்காமல் வீட்டருகே தினமும் போய்வந்து படிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கிலோமீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதியதைக் கவனியுங்கள். தூரத்துக்கு வரம்பு வைத்தால் ஆற்றுக்கு மறுகரைப் பள்ளி 800 மீட்டரில் இருப்பதாக வரைபடம் சொல்லும்.

பிப்ரவரி 8, காலை 10:00

‘உச்சவரம்பு 35 என்பதால்தான் இப்படி’ என்று ஒருவர். சரி, மாற்றிப் பார்ப்போம்.

வரம்பு 30: பெரிய பள்ளியின் ஐந்தாம் வகுப்பு 31 பேர், அது இப்போதே இரண்டு பிரிவு. ஆக இப்போது 11, சேர்த்தபின் 10. மிச்சம் ஒன்றே. வரம்பு 40: சேர்த்தபின் 8. மிச்சம் இரண்டு. ஆனால் இப்போது 15 பேரோடு இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 39 பேரோடு உட்காரும்.

இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பிரிவைப் பார்க்காது, பள்ளியின் மொத்தத்தைப் பார்க்கும். தொடக்கப் பள்ளியில் 60 வரை 2 ஆசிரியர், 61–90 என்றால் 3, 91–120 என்றால் 4, 121–200 என்றால் 5, 150-க்கு மேல் கூடவே ஒரு தலைமையாசிரியர், 200-க்கு மேல் தலைமையாசிரியர் நீங்கலாக 40 பேருக்கு ஒருவருக்குக் குறையாமல். அதன்படி 84-க்கு 3, 131-க்கு 5, ஆக 8. சேர்த்து 215 என்றால் 6-ம் ஒரு தலைமையாசிரியரும், ஆக 7. தனித்தனியாக இருந்தபோது ஆசிரியருக்கு 28 பிள்ளை, 26 பிள்ளை. சேர்ந்தபின் கிட்டத்தட்ட 36. இருநூறைத் தாண்டியதும் சட்டமே கொஞ்சம் தளர்ந்துகொடுக்கிறது. மிச்சம் வருவது இணைப்பினால் அல்ல, அந்தத் தளர்வினால்.

இந்த அட்டவணையை வைத்து இன்னும் சில ஜோடி போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 60-ம் 60-ம் சேர்ந்தால் 4 ஆசிரியர் 4 ஆகவே இருப்பார்கள், மிச்சம் பூஜ்யம். 22-ம் 38-ம் சேர்ந்தால் 4 பேர் 2 ஆவார்கள். பெரிய மிச்சம்தான், ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவது இணைப்புக்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். பள்ளியை மூடி வாங்கிய கெட்ட பெயருக்குப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? அந்த ஜோடி ஒரே வளாகத்தில் இருந்தால் யோசிக்காமல் இணைத்துவிடலாம், ஆனால் நான்கை மூன்றாக்குங்கள், இரண்டாக்காதீர்கள். ஒருவர் சம்பளம் மிச்சம், வண்டிச் செலவு இல்லை, 1–2க்கு ஒருவர், 3க்கும் 4க்கும் ஒருவர், 5க்கு ஒருவர் என்று பள்ளிக்கும் உருவம் வரும்.

பிப்ரவரி 8, காலை 10:25

மேலே விட்டுப்போனது: உங்கள் சிறிய பள்ளி 5 பேருக்குப் பதில் 3 பேரை வைத்துப் பல வகுப்பை ஒன்றாக நடத்தும் பள்ளியாக இருந்திருந்தால்? இப்போது 3 + 6 = 9. இணைத்தபின் 9 பிரிவுக்கு 9 பேர், தலைமையாசிரியர் ஒருவர், 10. பள்ளியை மூடியதால் ஒரு பணியிடம் கூடுகிறது. தரம் கூடும் என்று சொல்லி அதைச் செய்யலாம், மிச்சம் என்று சொல்லிச் செய்ய முடியாது.

பிப்ரவரி 9, இரவு 11:40

84 பேரும் அப்படியே வருவார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். வர மாட்டார்கள். சிலர் தனியார் பள்ளிக்கு, சிலர் உறவினர் ஊருக்கு, சிலர் எங்கும் இல்லை. ஐந்தில் ஒருவர் கசிகிறார் என்று வைத்தால் 17 பேர். மீதி 198. வகுப்புவாரி 31, 36, 41, 43, 47 என்று அமைந்தால் பிரிவு எத்தனை? அதே 9. பதினேழு பிள்ளைகள் போனார்கள், ஒரு பிரிவும் குறையவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று மானியம் வருகிற அமைப்பு என்றால் வரவு குறைந்து செலவு அப்படியே நிற்கும்.

இரண்டாம் வகுப்பைப் பாருங்கள், 36. வரம்பைவிட ஒன்று கூட. அந்த ஒரு பிள்ளையின் விலை ஓர் ஆசிரியர் சம்பளமும் ஓர் அறையும். மாணவர் எண்ணிக்கை எடுக்கும் நாளன்று தலைமையாசிரியர்கள் ஏன் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று இப்போது புரியும்.

பிப்ரவரி 11, மாலை 5:15

வேறு இடங்களில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு.

வாஷிங்டன் நகரம் 2008-இல் 23 பள்ளிகளை மூடியது. மூடுவதற்கு ஆகும் செலவு சுமார் 97 லட்சம் டாலர் என்றார்கள். 2012-இல் நகரத் தணிக்கையாளர் போட்ட கணக்கில் அது 4 கோடி டாலரை ஒட்டி வந்தது. இடித்த கட்டடங்களின் மதிப்பு இழப்பு, பொருள்களை ஏற்றி இறக்கிப் பாதுகாத்த செலவு எல்லாம் முதல் மதிப்பீட்டில் சரியாக ஏறவில்லை. பியூ அறக்கட்டளை என்ற ஆய்வு அமைப்பு 2011-இல் ஆறு அமெரிக்க நகரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மூடியதால் வந்த மிச்சம் மொத்த பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் சிறியது, பெரிய மிச்சம் வந்த இடங்களில் கூடவே பெருமளவு ஆட்குறைப்பும் நடந்தது, காலிக் கட்டடங்கள் லேசில் விலைபோகவில்லை.

சிகாகோ 2013-இல் ஒரே கூட்டத்தில் 50 பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. எந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்று முடிவுசெய்த சூத்திரம் ஒரு வகுப்பறைக்கு 30 பேர் என்று பெருக்கியது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான அறையில் அத்தனை பேரை வைக்கவே கூடாது, அந்த அறையும் 30 என்றே எண்ணப்பட்டது என்று பெற்றோர் குழுக்கள் சண்டை போட்டார்கள். காலி இருக்கை என்று காகிதத்தில் தெரிவது நேரில் போய் எண்ணினால் பாதியாகிவிடும். நூலகம், சமையல் பொருள் அறை, பழுதான கூரை உள்ள அறை மூன்றையும் முதலில் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

ராஜஸ்தான் 2014-இல் சுமார் 17,000 பள்ளிகளை ஒரே வீச்சில் இணைத்து, பிறகு ஒரு பகுதியைத் திரும்பப் பிரித்தது. பிரிப்பதற்கும் செலவு உண்டு, அதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை.

பிப்ரவரி 12, காலை 8:00

அமெரிக்காவின் அர்கான்சாஸ் மாநிலம் சிறிய பள்ளிகளை இணைக்கவில்லையா என்று உதாரணம் போட்டவருக்கு: 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு தொடர்ந்து 350 மாணவருக்குக் குறைந்தால் இணைக்கச் சொன்னது பள்ளி மாவட்டங்களை, பள்ளிகளை அல்ல. அங்கே மாவட்டம் என்றால் தனி நிர்வாகம், தனிக் கண்காணிப்பாளர், தனிக் கணக்குப் பிரிவு. இரண்டு அலுவலகத்தை ஒன்றாக்குவது வேறு, இரண்டு ஊர்ப் பிள்ளைகளை ஒரு வாசலில் நிறுத்துவது வேறு. முதலாவதில் மிச்சம் உண்டு, பிள்ளை யாரும் வண்டி ஏற வேண்டியதில்லை.

பிப்ரவரி 14, காலை 6:30

இத்தனை நாள் எழுதியதில் பெரிய ஓட்டை ஒன்று. கேட்டவர் முதல் நாளே எண்களைக் கொடுத்தார், மேலிருந்து கீழாகக் கூட்டினேனே தவிர வரிசையாகப் பார்க்கவில்லை.

சிறியது: 12, 15, 19, 18, 20. பெரியது: 21, 24, 26, 29, 31. இரண்டிலும் முதல் வகுப்பு ஐந்தாம் வகுப்பைவிட மெலிந்திருக்கிறது. 20 இருந்த இடத்தில் 12, 31 இருந்த இடத்தில் 21. இதே சேர்க்கை நீடித்தால் நான்கு ஆண்டில் சிறிய பள்ளி 60, பெரியது 105. சேர்த்தால் வகுப்புக்கு 33. ஐந்து வகுப்பும் ஒவ்வொரு பிரிவில் அடங்கும்.

தனித்தனியாக 10 பிரிவு. சேர்ந்தால் 5. இன்றைக்கு ஒன்று மிச்சமாகும் அதே இணைப்பு நான்கு ஆண்டு கழித்து ஐந்து பணியிடத்தை மிச்சமாக்கும். 500 + 15 + 22 = 537, வண்டியும் பூட்டும் 78, நிகரம் 459. வண்டியும் ஒரே நடையில் முடியும், 46 பேர் 33 ஆகியிருப்பார்கள். பெரிய பள்ளியின் 5 அறையே போதும், புது அறைக்கான 480 தேவையில்லை.

ஆக, இணைக்கவே கூடாது என்பதுபோல் எழுதிக்கொண்டு வந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். நான்கு ஆண்டு அவசரப்படுகிறீர்கள், அதுதான் விஷயம். இன்று இணைத்தால் 4 அறை கட்டுவீர்கள். கட்டி முடித்துச் சுண்ணாம்பு காய்வதற்குள் அவை காலியாகத் தொடங்கும்.

பிப்ரவரி 14, மதியம் 1:10

மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். 12 என்பது ஒரே ஓர் ஆண்டின் எண். 12 பேர் உள்ள வகுப்பில் ஒரு குடும்பம் குடிபெயர்ந்தால் எட்டு சதவீதம் போய்விடும். கடந்த ஐந்து ஆண்டு முதல் வகுப்புச் சேர்க்கையை எடுங்கள். இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பு ÷ போன ஆண்டு இரண்டாம் வகுப்பு என்று ஒவ்வொரு படிக்கும் விகிதம் எடுங்கள், மூன்று ஆண்டுச் சராசரி போடுங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் நடுவில் போகிறார்கள், மேலே என்றால் வெளியிலிருந்து வருகிறார்கள். இதை ஒரு பள்ளிக்குப் போடாமல் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் பிறகு பிரியுங்கள். சின்ன எண்ணில் விகிதம் குதிக்கும்.

அடுத்து ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை எண்ணுங்கள், முன்பருவப் பள்ளிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு. பிறக்காத பிள்ளைக்குத்தான் கணிப்பு வேண்டும், பிறந்தவர்களை எண்ணிவிடலாம்.

33-க்கும் 35-க்கும் இடையில் இருப்பது இரண்டு பிள்ளைகள். மூன்று பேர் கூடினால் அந்த வகுப்பு இரண்டாகும். எல்லா வகுப்பிலும் அப்படி ஆனால் 5 மறுபடி 10. அதனால் அறிக்கையில் ‘5 பிரிவு’ என்று எழுதாமல் ‘5 முதல் 10 வரை’ என்று எழுதி, எதை நம்பி 5 சொல்கிறோம் என்பதையும் எழுதுங்கள்.

பிப்ரவரி 16, இரவு 8:45

இடைப்பட்ட நான்கு ஆண்டு என்ன செய்வது?

ஒரு வழி, அடுத்த ஆண்டு முதல் முதல் வகுப்புச் சேர்க்கையைப் பெரிய பள்ளியில் மட்டும் நடத்துவது. 33 பேர், ஒரு பிரிவு. மற்ற வகுப்புகள் இருந்த இடத்திலேயே முடிக்கட்டும். பிரிவுகள் ஆண்டுவாரி 9, 8, 7, 6, 5 என்று இறங்கும். பெரிய பள்ளியில் எந்த ஆண்டும் ஐந்து அறைக்கு மேல் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பணியிடம் என்பதால் ஓய்வுபெறுகிறவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே சரியாகிவிடலாம், யாரையும் கட்டாயமாக மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, வகுப்பைப் பங்கிடுவது. 1, 2 சிறிய பள்ளியில், 3, 4, 5 பெரிய பள்ளியில். பிரிவுகள் 1+2, 2+2+2, ஆக 9. முழு இணைப்பில் வரும் அதே 9, ஆனால் புதிதாக வேண்டியது பெரிய பள்ளியில் ஒரே ஓர் அறை. சிறிய பள்ளியில் இரண்டு அறை மிஞ்சும். ஒரே தலைமையாசிரியர் இரண்டு வளாகத்துக்கும் போதும்.

பிப்ரவரி 17, காலை 7:15

பங்கீட்டில் நான் சொல்லாமல் விட்டது: பெரிய பள்ளி ஊரின் சின்னக் குழந்தைகள் 45 பேர் எதிர்த்திசையில் போக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் இருந்தால் அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். வண்டி இரண்டு திசையிலும் ஓட வேண்டும். அந்த ஓர் அறையின் மிச்சத்தை எரிபொருளில் விடுவோம்.

பிப்ரவரி 18, மாலை 4:00

‘படிப்படியாகச் செய்வது சரி, ஆனால் ஆறு வயதுக் குழந்தையை ஏன் முதலில் வண்டி ஏற்றுகிறீர்கள், ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கலாமே’ என்ற கேள்வி நியாயமானது. போட்டுப் பார்த்தேன். அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு 18 + 29 = 47, இரண்டு பிரிவு. மறு ஆண்டு 45, இரண்டு. அதற்கடுத்து 39, இரண்டு. நான்காம் ஆண்டு 33, அப்போதுதான் ஒன்று. முதல் மூன்று ஆண்டு ஒரு காசு மிச்சம் இல்லை, வண்டி மட்டும் ஓடும்.

பணம் சின்னப் பிள்ளையிலிருந்து தொடங்கச் சொல்கிறது, பிள்ளையின் கால் பெரிய பிள்ளையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. இதற்கு சூத்திரம் கிடையாது. எனக்குத் தோன்றுவது: முதல் ஆண்டு வண்டி ஏற வேண்டிய முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர்தான். பெரிய வண்டி வேண்டாம், சிறிய வண்டி, கட்டாயம் ஓர் உதவியாளர், 20 நிமிடத்துக்குள் என்று நிபந்தனை வைத்துக் கீழிருந்தே தொடங்குவேன். அந்த நிபந்தனையை எழுத்தில் கொடுக்க முடியாவிட்டால் நான்கு ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

கீழிருந்து தொடங்கினால் சிறிய பள்ளியின் கடைசி ஆண்டு 12 பேர், ஓர் ஆசிரியர், நான்கு காலி அறை என்று முடியும். அவர் விடுப்பு எடுத்தால் அன்று பள்ளியே இல்லை. கடைசி இரண்டு வகுப்பு மிஞ்சும் கட்டத்தில் இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 22, இரவு 10:10

அறிவிப்பு. ‘பரிசீலனையில் உள்ள பள்ளிகள்’ என்று பட்டியல் கசிந்த அன்றே அந்தப் பள்ளி மூடத் தொடங்கிவிட்டது. விசாரித்துக்கொள்ளத் தெரிந்த பெற்றோர் முதலில் போவார்கள், எண்ணிக்கை குறையும், ‘பாருங்கள், ஆளே இல்லை’ என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள். சிகாகோவில் 2001–2006 மூடல்களை ஆராய்ந்து 2009-இல் வந்த அறிக்கையில், பிள்ளைகளின் படிப்பு அதிகம் பின்வாங்கியது பள்ளி மாறிய ஆண்டில் அல்ல, மூடப்போகிறார்கள் என்று அறிவித்த ஆண்டில். பிறகு எப்படிப் போயிற்று என்பது எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது, நல்ல பள்ளி கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

அதனால் பட்டியலை நீட்டி வைக்காதீர்கள். தேர்வு நெருங்கும் மாதங்களில் அறிவிக்காதீர்கள். அறிவிக்கும் அன்றே எந்தப் பள்ளி, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த ஆசிரியர் கூட வருகிறார் என்ற நான்குக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். நான்காவது பதிலுக்குப் பெற்றோர் மற்ற மூன்றையும்விட அதிகம் செவிசாய்ப்பார்கள். பழைய பள்ளி ஆசிரியர் ஒருவராவது புதிய வாசலில் நின்றால் கசிவு குறையும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 560 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு வராதீர்கள். அடுத்த ஆண்டு அது 59 என்று தெரியும்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நேரிடும்.

பிப்ரவரி 26, காலை 9:30

மூடும் நாள் வேலைகள், கேட்டதால் சுருக்கமாக. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பொருளை நேரில் எண்ணி இரண்டு தலைமையாசிரியரும் கையெழுத்து. உடைந்ததை அங்கேயே கழித்துவிடுங்கள், ஏற்றிக்கொண்டு போய்க் கழிக்காதீர்கள். செலவழிக்காத மானியத்தைத் திருப்பிச் செலுத்திய பிறகு வங்கிக் கணக்கை மூடுங்கள், முன்னால் மூடினால் வரவேண்டிய நிலுவை எங்கும் போய்ச் சேராது. மின் இணைப்பின் வைப்புத்தொகையைக் கேட்டு வாங்குங்கள். கட்டடம் யாருடைய மானியத்தில், எந்த நிபந்தனையில் கட்டப்பட்டது என்ற ஆவணத்தைத் தேடுங்கள். கல்விக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது, அந்த வரவைக் கணக்கில் காட்டியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 26, காலை 9:50

சேர்க்கைப் பதிவேடு! அதை மறந்துவிட்டேன். பள்ளியின் முதல் நாளிலிருந்து உள்ள எல்லாத் தொகுதிகளும், மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளும் புதிய பள்ளியில் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும், எந்த ஆண்டு எந்தத் தொகுதியில் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி. 40 ஆண்டுக்கு முன் படித்தவர் பிறந்த தேதிச் சான்றுக்கு வந்து நிற்பார். பழைய பள்ளியின் வாசலில் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு பலகையும் வையுங்கள்.